காத்துப் பந்தல்

காத்தடிக்கிறவன் கண்ணு பம்புல இருக்கக் கூடாது, வேற ஒண்ணுல இருக்கணும் என்று பெரியப்பா சொல்வார். எதில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதிதான் தணிகாசலத்துக்கு மறந்துபோனது.

பெரியப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். வீட்டில் இருந்த சைக்கிள்களுக்கெல்லாம் காலையில் அவர்தான் காற்றடிப்பார். அடித்துக்கொண்டே பேசுவார். குனிந்து நிமிர்கிற மூச்சில் பாதி வார்த்தை கரைந்துபோகும். மெல்போர்னில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவனுக்கு மீதியும் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஒருநாள் அதை ஏகாம்பரத்திடம் கேட்டான். ஏகாம்பரம் பள்ளி நாட்களில் அந்த வீட்டுக்கு வந்துபோனவர்.

"உங்க பெரியப்பா வாயில எப்பவும் வால்வுல மாட்டுற வால்டியூப் ஒண்ணு இருக்கும். அந்த ரப்பரக் கடிச்சுக்கினே அவரு எப்படிப்பா பேசினாரு?"

பேச்சு அதற்கு மேல் போகவில்லை.

இந்த ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வாலாஜாவில் தணிகாசலத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பிறகு மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கும் வேலை. ஒருநாள் அதை விட்டுவிட்டுப் பாலாற்றங்கரையில் ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். காவி கட்டவில்லை, தாடி விடவில்லை. பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருக்க நாலு பேர் வந்தார்கள். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார், இல்லாவிட்டால் சொல்ல மாட்டார். ஜனங்கள் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை.

தணிகாசலத்துக்குத்தான் சங்கடம். நாலு பேர் இருந்தால் "சாமி, நீங்க" என்பான். தனியாக இருந்தால் நாக்கு "டேய்" என்று வழுக்கும். ஏகாம்பரம் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

கொட்டகையை ஒட்டிப் போகிற சாலை, ஆற்றோர ஊர்களிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போகிற சாலை. சைக்கிள் கடை பக்கத்தில் எங்கும் கிடையாது. மீட்டர் பார்த்த காலத்தில் அதே சாலையில், உச்சி வெயிலில், காற்றுப்போன வண்டியை ஏகாம்பரம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் புங்க மரத்தில் சங்கிலி போட்டு ஒரு பம்பைக் கட்டி வைத்தார். தண்ணீர்ப் பந்தல் வைக்க எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறது, இதற்குத்தான் இல்லை என்றாராம். ஜனங்கள் அதற்குக் காத்துப் பந்தல் என்று பேர் வைத்தார்கள்.

காத்துப் பந்தலில் ஒரே ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரர் குனியக் கூடாது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். கொட்டகையிலிருந்து ஓர் ஆள் வந்து அடித்துவிடுவார்.

தணிகாசலம் ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் அங்கே வந்து, ஏதாவது உபதேசம் வேண்டும் என்று கேட்டான். மந்திரமானாலும் சரி, மூச்சுப் பயிற்சியானாலும் சரி. ஏகாம்பரம் அவனைப் புங்க மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பம்பின் கைப்பிடியை அவன் கையில் வைத்தார்.

"இதை எவ்வளவு நாள் பண்ணணும், சாமி?"

"உனக்கு வேற எங்கியாவது போகணுமா?"

அவனுக்குப் போக வேறு இடம் இல்லை.

அன்றிலிருந்து காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு அவன்தான் காற்றடித்தான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதலில் முதுகு வலித்தது. பிறகு வலி எங்கேயோ போய்விட்டது. அடித்து முடித்ததும் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பான். கடைசியில் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைப்பான். குமிழி வராவிட்டால் வண்டி போகலாம். எச்சில் தொடுவதற்கு முதல் நாள் கூச்சமாக இருந்தது. மறுவாரம் அது நினைப்பிலேயே இல்லை.

வண்டிகளை அவனுக்கு நன்றாகத் தெரியும். கூடை வைத்த ரோஸ் கலர் வண்டி. செயின் கவர் தடதடக்கிற வண்டி. சீட்டுக்குப் பாலித்தீன் பை மாட்டிய வண்டி. ஓட்டுகிறவர்களின் பேர்தான் தெரியாது. பெண்களிடம் பேர் கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்தான். எதையுமே வாய்விட்டுக் கேட்பது அவனுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

வீட்டில் அவனிடம் இன்னொரு வண்டி இருந்தது.

சஹானா அவன் மகள். அம்மாவோடு மெல்போர்னில் இருக்கிறாள். தணிகாசலமும் பிருந்தாவும் பிரிந்தபோது சண்டை ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் பார்த்தால் சக்கரம் தரையில் உட்கார்ந்திருந்தது. அவன் ஊருக்குத் திரும்பினான்.

திரும்பிய புதிதில் மகள் போனில் சொன்னாள். டிசம்பர் லீவுக்கு வருகிறாளாம். ஒரு சைக்கிள் வாங்கி வைக்க வேண்டுமாம். அப்பா எப்போதும் சொல்கிற ஆற்றோரமாக இரண்டு பேரும் ஓட்டலாமாம். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

மறுநாளே வேலூருக்குப் போய் வாங்கிவிட்டான். கியர் வண்டி. வெளிர் பச்சை. சீட்டை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். கட்டிப்பிடித்தால் அவள் தலை தன் நெஞ்சில் எங்கே முட்டும் என்று தணிகாசலம் கையை வைத்துக் காட்டினான். கடைக்காரர் அதைப் பார்த்துச் சீட்டை இறக்கி முடுக்கிக் கொடுத்தார்.

அந்த டிசம்பரில் அவளுக்கு நீச்சல் முகாம் வந்துவிட்டது. அடுத்த டிசம்பரில் என்ன வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டால், இனிமேல் வர மாட்டேன் என்று அவள் சொல்லிவிடலாம். கேட்காதவரை டிசம்பர் என்று ஒன்று இருந்தது.

தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் பேசிக்கொள்வார்கள். போனில் முகம் தெரியும். பள்ளிக்கூடம் நன்றாகப் போகிறது என்பாள். அவனும் நன்றாக இருக்கிறேன் என்பான்.

சைக்கிள் கூடத்தில் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு நின்றது. நிற்கிற வண்டிக்கும் காற்று இறங்கும். வெள்ளிக்கிழமைதோறும் போர்வையை எடுப்பான். துடைப்பான். வாங்கிய கடையில் இனாமாகக் கொடுத்த கைப்பம்பால் திணறித் திணறிக் காற்றடிப்பான். ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்புவான். அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்புவாள்.

பக்கத்து வீட்டில் யாராவது, பொண்ணு எப்ப சார் வருது என்று கேட்டால், டிசம்பர் என்பான். சித்திரையில் கேட்டாலும் அதுதான் பதில்.

மாசி மாதத்தில் காத்துப் பந்தல் பம்பு கைவிட்டது. கைப்பிடியை இழுத்தால் வருகிறது, அமுக்கினால் போகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. ஏகாம்பரம் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த தோல் வாஷர் காய்ந்த வெற்றிலை மாதிரி நொறுங்கியது. தேங்காய் எண்ணெயில் ஊற வைத்து வேறொன்று போட்டார்கள். அப்போதும் சரியாகவில்லை. குழாயின் அடியிலேயே துரு அரித்து ஓட்டை விழுந்திருந்தது.

"நல்லதாப் பாத்து ஒண்ணு வாங்கியா," என்றார் ஏகாம்பரம்.

தணிகாசலத்துக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஊருக்கு வந்த பிறகு தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் அவனிடம் எதையும் கொடுத்ததில்லை.

வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தான். ஒரு பம்பில் இவ்வளவு இருக்கும் என்று அவனுக்கு அதற்கு முன் தெரியாது. குழாய் இரும்பா அலுமினியமா. காலை வைக்கிற தகடு ஆடுமா, நிற்குமா. காற்றின் அளவு காட்டுகிற முள் உண்மை சொல்லுமா. வாஷர் தேய்ந்தால் தனியாகக் கிடைக்குமா. கைப்பிடி மரமாக இருந்தால் உள்ளங்கை காய்க்காது என்று எங்கோ ஒரு குளிர் தேசத்தில் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். தணிகாசலம் அதை முழுவதும் படித்தான். அதை மறுத்து இன்னொருவர் எழுதியதையும் படித்தான்.

பிறகு கடைகடையாகப் போனான். ஆற்காடு, ராணிப்பேட்டை, வேலூர். ஒவ்வொரு பம்பையும் தகட்டில் ஏறி நின்று அடித்துப் பார்த்தான். ரப்பர்க் குழாயின் நுனியைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, காற்று எவ்வளவு முட்டுகிறது என்று பார்த்தான். ஒன்றில் குழாய் உறுதி, முள் ஆடியது. ஒன்றில் முள் நன்றாக நின்றது, தகடு குட்டை. ஒன்றில் எல்லாமே சரியாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

பங்குனி பிறந்துவிட்டது. புங்க மரத்தில் சங்கிலி மட்டும் தொங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் சங்கிலியைப் பார்த்துவிட்டு மறுபடி தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாட்களில் ஏகாம்பரம் எழுந்து போய், தள்ளுகிறவரோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவார். ஏன் சாமி என்று கேட்டால், தள்ளும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் வண்டி கனக்காது என்பார்.

கூடை வண்டிப் பெண் மட்டும் தினமும் நின்று விசாரித்தாள். தணிகாசலம், பார்த்துக்கொண்டிருக்கிறேன், நல்லதாக அமைய வேண்டும் என்பான்.

"பொண்ணு பாக்கிற எடத்துல கூட இவ்ளோ நாளு ஆவாது, வெளிநாட்டுச் சாமி."

அன்று மதியம் அவன் ஏகாம்பரத்தின் எதிரில் போய் உட்கார்ந்தான். அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பம்பு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ஒருத்தன் குடை வாங்கப் போனானாம்," என்றார் அவர். அவன் கடையில் இருந்த குடை ஒவ்வொன்றையும் விரித்து, கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தானாம். கடைக்காரன், இன்னா சார் பாக்கிறீங்க என்றானாம். ஒழுகுதான்னு பாக்கிறேன் என்றானாம்.

"ஒழுகிச்சா?"

"கடைக்குள்ள எதுவும் ஒழுகல."

ஒரு கைப்பிடி கடலையை அவன் பக்கம் தள்ளினார்.

தணிகாசலத்துக்குப் புரிந்தது. புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தான். மறுநாளே வேலூருக்குப் போய், எல்லாமே சரியாக இருந்த அந்தப் பம்பை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வண்டியில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றான். பலமுறை வந்துபோன முகம் என்பதால் கடைக்காரரும் கொடுத்தனுப்பினார்.

அன்று வெள்ளிக்கிழமை. கூடத்தில் போர்வையை எடுத்தான். பம்பின் வாயை வால்வில் வைத்து, அதைப் பூட்டுகிற நெம்புகோலைக் கீழே தள்ளினான். பூட்டுப் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டது. மரக் கைப்பிடி உள்ளங்கைக்கு இதமாக இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் முள் ஒரு படி ஏறியது. நாற்பதில் நிறுத்தினான். முள் அங்கேயே நின்றது. டயரைக் கட்டைவிரலால் அமுக்கினான். அமுங்கவில்லை. எச்சில் தொட்டு வைத்தான். குமிழி இல்லை.

அன்று சைக்கிளைப் படம் எடுக்கவில்லை. நாற்பதில் நிற்கிற முள்ளைப் படம் எடுத்து அனுப்பினான்.

சஹானா இரண்டு கட்டைவிரல் அனுப்பினாள்.

அந்தப் பம்புதான் என்று அப்போதே தீர்மானமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை அதைப் புங்க மரத்தில் கட்டினான். வெயிலில் பளபளத்தது. வேலைக்குப் போகிற பெண்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். கூடை வண்டிக்குப் பின் சக்கரம் தரையோடு இருந்தது. அவள் ஊரிலிருந்தே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி நின்றாள்.

தணிகாசலம் குனிந்து பம்பின் வாயை வால்வில் வைத்தான். நெம்புகோலைத் தள்ளினான். வாய் லொடலொடவென்று ஆடியது. அடித்தான். காற்று டயருக்குள் போகாமல் அவன் விரலிடுக்கில் புஸ்ஸென்று போனது.

ஊர் வண்டிகளின் வால்வு ஒல்லி. கியர் வண்டியின் வால்வு, மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போலத் தடி. பம்பின் வாய் தடித்த வால்வுக்குச் செய்தது.

கையால் இறுக்கிப் பிடித்து அடித்தான். துண்டின் நுனியைச் சுற்றி அடித்தான். அடுத்த வண்டியில் வைத்துப் பார்த்தான். அதற்கடுத்ததில் வைத்துப் பார்த்தான். அங்கே நின்ற வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒல்லி வால்வுதான். ஒரு வருஷத்துக்கு மேலாக அவன் எச்சில் விரலை வைத்த வாய்கள்தான் அவை.

கம்பெனிச் சங்கு ஊதியது. இரண்டாவது சங்குக்குள் உள்ளே போகாவிட்டால் கேட்டை மூடிவிடுவார்கள். மற்றவர்கள் இருந்த காற்றோடு மிதித்துக்கொண்டு போனார்கள். கூடை வண்டிப் பெண்ணால் போக முடியவில்லை. அவளுக்கு அன்றைக்கு அரை நாள் வேலை போனது.

அவள் கோபப்படவில்லை. பம்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"பம்பு ஷோக்காத்தான் கீது. மொதல்ல அதுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்க."

அவன் மன்னிப்புக் கேட்டான். எப்படி ஆனது என்று தெரியவில்லை என்றான். அவள், கடைக்குப் போன அன்று என் வண்டியை உருட்டிக்கொண்டு போயிருக்கலாமே, நான் என்ன தர மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன் என்றாள். அவன் பம்பில் சுற்றிய துண்டை அவிழ்த்தான். பிறகு, வாய்க்குள்ளேயே, உங்க பேரு என்றான்.

"அஞ்சலை. இப்பவாவது கேட்டீங்களே."

வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள். ஏகாம்பரம் கொட்டகையிலிருந்து எழுந்து அவளோடு நடந்தார். அன்று அவர் திரும்பிவர வெகுநேரம் ஆனது.

வந்ததும் தணிகாசலம் நடந்ததைச் சொன்னான். அவருக்குத் தெரியும் என்று தெரிந்தும் சொன்னான். பெரிய விஷயமில்லை, பித்தளையில் ஒரு சின்ன மாற்று வாய் கிடைக்கும், வாங்கி மாட்டிவிட்டால் ஒல்லி வால்வுக்கும் அடிக்கலாம் என்றான்.

"மாட்டிடு," என்றார் ஏகாம்பரம்.

பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். அவன் எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் பாத்தேன். வாஷர் வரைக்கும் பாத்தேன். தினம் என் விரல் படுற எடம் அது. அது எப்படித் தெரியாமப் போச்சு?"

"எந்த வண்டியில வெச்சுப் பாத்தே?"

"வீட்ல இருக்கிற வண்டியில."

"யாரு ஓட்டுறது?"

"இன்னும் யாரும் ஓட்டல."

ஏகாம்பரம் ஆற்றைப் பார்த்தார். ஆற்றில் மணல்தான் இருந்தது.

"நாளைக்கு அத உருட்டிக்கினு வா."

மறுநாள் காலை தணிகாசலம் பச்சை சைக்கிளை முதல் முறையாகத் தெருவில் இறக்கினான். ஏறி ஓட்டியிருக்கலாம். மனம் வரவில்லை. டயரில் புது ரப்பரின் முடிகள் கூட இன்னும் உதிராமல் இருந்தன. ஹேண்டில்பாரைப் பிடித்து ஓரமாக உருட்டிக்கொண்டே நடந்தான். டீக்கடையில் ஒருவர், பஞ்சரா சார் என்றார். இல்லை என்றான். பாலத்தில் இன்னொருவர் வண்டியை நிறுத்தி, பஞ்சரா என்றார். இல்லை என்றான். அவர் டயரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

புங்க மரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரம் எழுந்து வந்து சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். முன் டயரை அமுக்கினார், பின் டயரை அமுக்கினார்.

"காத்து நல்லா கீது. பம்பு நல்ல பம்புதான்."

பிறகு அவன் கையிலிருந்து வண்டியை வாங்கி, காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தணிகாசலம் ஓரடி முன்னால் வந்தான். கையை நீட்டினான். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

ஏகாம்பரம் உயரமான ஆள். சீட்டு அவருக்குத் தொடை நடுவில்தான் இருந்தது. மிதிக்க மிதிக்க முட்டி இரண்டும் முழங்கையில் இடித்தன. சர்க்கஸ் கரடி மாதிரி புங்க மரத்தைச் சுற்றி வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இன்னொரு சுற்று வந்தார். டயரில் புழுதி ஏறியது. ரப்பர் முடிகள் சிலது உதிர்ந்தன.

இறங்கி வண்டியை அவனிடம் கொடுத்தார்.

"யாரு உயரத்துக்குடா வெச்சிருக்கே?"

நாலு பேர் எதிரில் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"சஹானா உயரத்துக்கு."

"எவ்ளோ உயரம் கீறா?"

தணிகாசலம் கையை எடுத்து நெஞ்சில் வைத்தான். அவள் தலை முட்டுகிற இடத்தில். கடைக்காரருக்குக் காட்டிய அதே இடத்தில்.

வைத்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அது பதின்மூன்று. இப்போது பதினைந்து.

கையை நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏற்றினான். அங்கே கொஞ்சம் வைத்திருந்தான். இன்னும் வளர்ந்திருப்பாள். பிருந்தா வீட்டில் எல்லோருமே உயரம். கை மோவாய்க்கு ஏறியது. உதட்டுக்கு ஏறியது. போன தீபாவளிக்குப் பேசியதை நினைத்துப் பார்த்தான். முகம் நன்றாக நினைவிருந்தது, சிரித்ததும் நினைவிருந்தது. போனில் தெரிகிற முகத்துக்கு உயரம் கிடையாது.

கை கண்ணுக்கு நேராக வந்து நின்றது. அதன் கீழே யாரும் இல்லை. மேலே போகவும் தெரியவில்லை, கீழே இறங்கவும் தெரியவில்லை.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை விட்டிருந்தார்கள். சாலையில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

ஏகாம்பரம் கொட்டகைக்குள் போய் ஒரு ஸ்பேனரை எடுத்துவந்தார். அந்தரத்தில் நின்ற அவன் கையைப் பிடித்து இறக்கி, அதில் ஸ்பேனரை வைத்தார்.

தணிகாசலம் சீட்டைப் பார்த்தான்.

"எந்த உயரத்துக்கு வெக்கிறது?"

"கேட்டுட்டு வை."

அவன் குனியவில்லை. ஸ்பேனரையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். சாமி என்றும் சொல்ல வரவில்லை, டேய் என்றும் சொல்ல வரவில்லை.

"கேட்டு, நான் வரலேன்னு சொல்லிட்டா?"

"உயரம் தெரிஞ்சிடுமில்ல," என்றார் ஏகாம்பரம்.

மெல்போர்னில் அது பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பியிருக்கிற நேரம். நாளைக்கு அஞ்சலையிடம் கேட்டு அவள் வண்டியை வாங்கிக் கடைக்கு உருட்டிக்கொண்டு போவதென்றும், அதற்கு முன்னால் இப்போதே, படம் எதுவும் அனுப்பாமல், சஹானாவைக் கூப்பிட்டு எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாய் என்று கேட்பதென்றும் தணிகாசலம் முடிவு செய்தான்.